சம்பளம் தராமல் முதலாளி ஆக முடியாது: ஒரு பதிப்பு நிறுவனத்துக்குத் திறந்த மடல்

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களுக்குப் புது ஒப்பந்தம் அனுப்பியிருக்கும் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கும் ஆசிரியர் குழுவுக்கும் சட்டப் பிரிவுக்கும்,

போன வாரம் நீங்கள் அனுப்பிய 'எழுத்தாளர் ஒப்பந்தம்' வந்து சேர்ந்தது. பத்துப் பக்கத்துக்கு மேல் நெருக்கமான ஆங்கிலம், கூடவே மெயிலில் தமிழில் இரண்டு வரி: வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அனுப்பாதவர்களின் நிலுவைச் சன்மானம் நிறுத்தி வைக்கப்படும். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டு உங்கள் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தபோது ஏழாவது பிரிவைப் பற்றிச் சொன்னேன். "இது ஸ்டாண்டர்டு ஃபார்மட்தான், மத்தவங்க எல்லாரும் போட்டுட்டாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாவம், அவரும் அதைப் படித்திருக்க மாட்டார். அதனால்தான் எல்லாரும் பார்க்கும்படி நேராக உங்களுக்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே வாசகம் தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னும் பல இடங்களிலிருந்து வருகிறது, படிக்கிற எழுத்தாளர்கள் தங்கள் இன்பாக்ஸிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாவது பிரிவின் சாரம் இது. நான் உங்களுக்காக எழுதும் எல்லாமே 'ஒர்க் மேட் ஃபார் ஹயர்' (கூலிக்குச் செய்து தந்த படைப்பு), எழுதிய கணத்திலிருந்தே சட்டப்படி அதன் ஆசிரியர் நிறுவனம்தான். ஒருவேளை சட்டம் அதை ஒத்துக்கொள்ளாவிட்டால், எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக, திரும்பப் பெற முடியாதபடி, இப்போது இருக்கிற, இனிமேல் கண்டுபிடிக்கப் போகிற எல்லா ஊடகங்களுக்கும், பிரபஞ்சம் முழுவதற்கும் நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரபஞ்சம் என்பது என் மிகை இல்லை, அப்படியேதான் அச்சாகியிருக்கிறது. செவ்வாய் கிரகத்தில் யாராவது என் கட்டுரையை மறுபதிப்பு செய்தாலும் காசு உங்களுக்கு. அதற்குக் கீழே, கண்ணில் படாத மாதிரி ஓர் உட்பிரிவு: இதுவரை நான் உங்களுக்குக் கொடுத்த பழைய எழுத்துகளுக்கும் இது பொருந்தும்.

இந்த 'ஒர்க் ஃபார் ஹயர்' எங்கிருந்து வருகிறது என்று உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்காது. அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் ஏற்பாடு அது. அங்கேயே அதற்கு இரண்டே வழிதான். ஒன்று, சம்பள ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியது. இன்னொன்று, வெளியாளிடம் சொல்லி எழுதி வாங்கியது. இரண்டாவதற்கு நிபந்தனை உண்டு. சட்டம் பட்டியல் போட்டிருக்கும் ஒன்பது வகைகளில் ஒன்றாக அந்த எழுத்து இருக்க வேண்டும் (கூட்டுத் தொகுப்பில் ஒரு பகுதி, மொழிபெயர்ப்பு, பாடநூல், தேர்வு வினா, அட்லஸ் என்று போகும் அந்தப் பட்டியல்), இரண்டு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கவும் வேண்டும். தனி நாவல் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஒப்பந்தமோ நாவலிலிருந்து சமூக ஊடகப் பதிவு வரை எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கிவிட்டது.

அமெரிக்காவிலேயே இது சும்மா போகவில்லை. ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற சிற்பியிடம், வீடற்றவர்களுக்காக இயங்கிய ஓர் அமைப்பு ஒரு சிற்பம் செய்யச் சொன்னது. யோசனை எங்களுடையது, செலவு எங்களுடையது, அடிக்கடி போய்ப் பார்த்துத் திருத்தம் சொன்னதும் நாங்கள், ஆகவே அது 'ஒர்க் ஃபார் ஹயர்', உரிமை எங்களுக்கே என்று அந்த அமைப்பு வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1989-ல் தீர்ப்பு வந்தது. ரீட் தன் சொந்தப் பட்டறையில், சொந்தக் கருவிகளோடு, தனக்குச் சரிப்பட்ட நேரத்தில் வேலை செய்தவர், உதவியாளர்களை அவரே பார்த்து அமர்த்திக்கொண்டார், அமைப்பு அவருக்காகச் சம்பள வரி எதுவும் கட்டவில்லை, ஊழியருக்குரிய சலுகை எதையும் தரவில்லை, அதனால் அவர் ஊழியர் இல்லை என்று நீதிபதிகள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இதை அப்படியே நம் பக்கம் திருப்பிப் பாருங்கள். நான் எழுதுவது என் லேப்டாப்பில், மின் கட்டணமும் இணையக் கட்டணமும் நான் கட்டுகிறேன், களத்துக்குப் போகிற பஸ் டிக்கெட்டை உங்களிடம் கேட்டதில்லை. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, போனஸ் கிடையாது, காய்ச்சலில் படுத்தால் விடுப்பு கிடையாது. இன்வாய்ஸ் அனுப்பச் சொல்கிறீர்கள், வென்டர் என்று பதிவு செய்கிறீர்கள், தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் டி.டி.எஸ். பிடிக்கிறீர்கள். உங்கள் ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவே "எழுத்தாளர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர், ஊழியருக்கான எந்தச் சலுகையையும் கோர முடியாது" என்கிறது. மூன்றாவது பிரிவில் ஊழியர் இல்லை, ஏழாவது பிரிவில் ஊழியரின் எழுத்து போல உங்களுக்குச் சொந்தம். கணக்கு எழுதும்போது வெளியாள், உரிமை எடுக்கும்போது வீட்டாளா?

சரி, இந்தியச் சட்டத்துக்கு வருவோம். இந்த ஒப்பந்தமே இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று கடைசிப் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, எழுதியவரே முதல் உரிமையாளர் என்றுதான் தொடங்குகிறது. அப்புறம் விலக்குகள் வருகின்றன. காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்ற விலக்கில் புகைப்படம், ஓவியம், உருவப்படம், செதுக்கு வேலை, திரைப்படம் ஆகியவை இருக்கின்றன. எழுத்து இல்லை. இன்னொரு விலக்கு பணி ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஊழியருடையது. நான் அந்த வகையிலும் இல்லை, மூன்றாவது பிரிவில் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு, அதை உங்கள் ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்களுக்காகவும் படிக்க வேண்டும். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதியதில், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்குப் போகிறது. மற்ற எல்லா வகையிலும், வேறு உடன்பாடு இல்லாத வரை, எழுதியவரே முதல் உரிமையாளர். அதாவது மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் வாங்கும் நிருபருக்குக்கூட, தன் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடும் உரிமையைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. அந்தச் சலுகை எதையும் நீங்கள் தராத என்னிடமிருந்து அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள நீங்கள் கேட்கிறீர்கள்.

'ஒர்க் ஃபார் ஹயர்' இல்லையென்றால் 'உரிமை மாற்றம்' என்று இரண்டாவது கயிறு போட்டிருக்கிறீர்கள். அதற்கும் 19-ஆவது பிரிவில் சட்டம் கறாராக இருக்கிறது. எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன ராயல்டி அல்லது தொகை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, பரப்பு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. நீங்கள் வேறு மாதிரிதான் எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பாதுகாப்பை முதல் வேலையாக எடுத்துவிட்டீர்கள். "இதுவரை கொடுத்த எல்லாம்" என்று மொத்தமாகச் சொல்வது எந்தப் படைப்பையும் குறிப்பிட்டதாகாது. பிறகு 2012 திருத்தத்துக்குப் பின், உரிமை எழுதிக் கொடுத்தபோது இல்லாத அல்லது வணிகப் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு அந்த உரிமை மாற்றம் செல்லாது, அந்த ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய. 'இனிமேல் கண்டுபிடிக்கப் போகிற' என்று போட்டுவிட்டால் பெயர் சொன்னதாக ஆகிவிடுமா?

சட்டம் பேசினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரியும், நடந்ததைச் சொல்கிறேன்.

கிணறு வெட்டுகிறவர்களைப் பற்றி உங்களுக்கு ஒரு தொடர் எழுதினேன், ஞாபகம் இருக்கும். அப்போது ஒப்பந்தமே கிடையாது, ஆசிரியரோடு போனில் பேசியதோடு சரி. போன வருடம் ஒரு பதிப்பாளர் அதைப் புத்தகமாக்கலாம் என்றார். மரியாதைக்கு உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டேன், சட்டப்படி கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அனுமதிப் படிவம் ஒன்று வந்தது. அதில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் முன்கூட்டியே அச்சாகியிருந்தது, 'விண்ணப்பதாரர்' என்ற இடம் காலியாக எனக்காக இருந்தது. படைப்பைப் பயன்படுத்தும் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி. நான் எழுதியது என்று பதில் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. பதிப்பாளர் சிக்கல் எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் உங்கள் செயலியில் அதே தொடரை ஒலி வடிவில் கேட்டேன். யாரோ அனுப்பிய இணைப்பு, எனக்கு யாரும் சொல்லவில்லை. இயந்திரக் குரல். கதை சொல்கிற என் வரியும், வெடி வைத்துக் கையை இழந்த பெரியவர் பேசுகிற வரியும் ஒரே தொனியில் ஓடின, யார் பேசுகிறார்கள் என்றே பிரியவில்லை. அவர் தன் ஒப்பந்தக்காரரைப் பற்றிச் சொன்ன பத்தி முழுதாகக் காணோம். அதைச் சொல்வதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் "போடுங்க, என்ன ஆயிரும்" என்று அவர் சொன்ன பிறகுதான் எழுதினேன். அதை வெட்டியது யார், எதற்காக? முடிவில் இயந்திரம் "வழங்கியது ஆசிரியர் குழு" என்றது. என் பெயர் இல்லை.

இதைத்தான் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு பார்க்கிறது. உரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்த பிறகும், இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளவும், என் பேருக்குக் கெடுதல் வரும்படி வெட்டித் திரித்தால் தடுக்கவும் எழுதியவருக்கு உரிமை உண்டு. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கியவர்கள் மீது போட்ட வழக்கில், 1986-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த உரிமை ஒப்பந்தத்தையும் தாண்டி நிற்கும் என்ற நிலையை எடுத்தது. உங்கள் ஒன்பதாவது பிரிவு அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. இனி என் பெயரைப் போடலாம், போடாமலும் விடலாம், வேறு பெயரும் போடலாம், அத்தனையும் உங்கள் விருப்பமாம்.

பணம் எப்போது என்பதையும் பார்ப்போம், எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். உரிமை உங்களுக்கு வருவது எழுதிய கணத்தில். சன்மானம் எனக்கு வருவது பிரசுரமாகி, இன்வாய்ஸ் ஏற்கப்பட்டு, அதற்கு 60 நாள் கழித்து. பிரசுரமாகாவிட்டால்? பணம் கிடையாது, உரிமை மட்டும் உங்களிடமே இருக்கும். எனக்குத் தெரிந்த ஓர் இளம் எழுத்தாளர் உங்களுக்கு 'சோதனைக் கட்டுரை' ஒன்று எழுதிக் கொடுத்தார், சன்மானம் இல்லை, தேர்வும் ஆகவில்லை. இந்த ஒப்பந்தம் அன்றே இருந்திருந்தால் அந்தக் கட்டுரையை அந்தப் பெண் வேறு எங்கும் அனுப்ப முடியாது. 'வரைவு, குறிப்பு, பேட்டிப் பதிவு உட்பட' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். என்னிடம் நம்பிப் பேசியவர்களின் குரல் பதிவுகளை உங்களுக்கு எழுதிக் கொடுக்க நான் யார்? அவர்கள் பேசியது என்னிடம்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்னை ஆசிரியராக ஒத்துக்கொள்கிறீர்கள். பன்னிரண்டாவது பிரிவு. யாராவது அவதூறு வழக்குப் போட்டால் முழுப் பொறுப்பும் எழுத்தாளருடையது, நிறுவனத்தின் வக்கீல் செலவையும் எழுத்தாளரே தர வேண்டும், உங்கள் ஆசிரியர் குழு செய்த திருத்தத்தால் வந்த வழக்காக இருந்தாலும்.

உங்கள் தரப்பு என்ன என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு புது வடிவத்துக்கும் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து அனுமதி வாங்க முடியாது, முதலீட்டாளர்கள் உரிமை யாரிடம் என்று கேட்கிறார்கள், 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாசினி வழக்கில் ஃப்ரீலான்ஸ் கட்டுரைகளை எழுதியவர்களின் அனுமதி இல்லாமல் மின் தரவுத்தளங்களில் போட்டது செல்லாது என்று சொன்ன பிறகு எல்லா நிறுவனங்களும் உஷாராகிவிட்டன. நியாயமான கவலைதான். இணையப் பதிப்பிலும் காப்பகத்திலும் என் கட்டுரை என்றைக்கும் இருக்கட்டும், அதற்கு நான் தடை சொல்லப்போவதில்லை. முதலில் வெளியிடும் தனி உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாம் உரிமத்தில், அதாவது உரிமை என்னிடமே இருக்க, பயன்படுத்த மட்டும் நான் தரும் அனுமதியில் முடிகிற காரியம். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர் பட்டாவையும் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது நீங்கள் கேட்பது.

எல்லா எழுத்தையும் நான் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. விளம்பர வாசகம், பொருள் விவரக் குறிப்பு, உங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கை, இவற்றை முழுசாக எழுதிக் கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை, அதற்கேற்ற கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்வோம். கட்டுரை, கதை, தொடர் வேறு. பத்து வருடம் கழித்து ஒரு தொகுப்பாகவோ மொழிபெயர்ப்பாகவோ அவை திரும்ப வந்து ஓர் எழுத்தாளருக்குச் சோறு போடும், போடாமலும் போகும், ஆனால் அந்த வாய்ப்பு எழுதியவருடையது. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். என் பிள்ளைகளுடையதும்தான்.

'ஸ்டாண்டர்டு ஃபார்மட்' மாறாது என்பவர்கள் பாடலாசிரியர்களைப் பார்க்கலாம். படத்துக்கு எழுதிய பாட்டில், வேறு உடன்பாடு இல்லாத வரை, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, வெகுகாலம் மொத்தமாக எழுதி வாங்குவதே வழக்கமாக இருந்தது. மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் பேசினார்கள், 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது போக, மற்றப் பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கு வர வேண்டிய ராயல்டியை இன்று யாரும் எழுதி வாங்க முடியாது, வாரிசுகளும், ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கமும் தவிர. உரைநடை எழுதுகிற எங்களுக்கு அச்சிலும் இணையத்திலும் அந்தப் பாதுகாப்பு இன்னும் இல்லை என்பது உங்கள் சட்டப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

நான் கேட்பவை இவை.

முதலில், பில்லை நிறுத்தி வைப்பதை இன்றே விடுங்கள். ஏற்கெனவே வெளியான கட்டுரைகளுக்கான பணம் அது, புது ஒப்பந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கையெழுத்துக்குப் பிணையாக அதைப் பிடித்து வைத்திருப்பதற்கு என்ன பெயர் என்று உங்கள் வக்கீலிடமே கேளுங்கள்.

ஏழாவது பிரிவில் 'ஒர்க் மேட் ஃபார் ஹயர்' என்பதையும் பழைய எழுத்துகளையும் சேர்த்து இழுக்கும் உட்பிரிவையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உரிமம் என்று எழுதுங்கள்: எந்தப் படைப்பு, அச்சா, இணையமா, ஒலியா, எவ்வளவு காலம், ஒவ்வொன்றுக்கும் என்ன தொகை. முதல் வெளியீட்டிலிருந்து ஆறு மாதம் தனி உரிமை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பின் புத்தகம், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகள் எழுதியவரிடமே இருக்கட்டும். பணம் கைக்கு வந்த பிறகுதான் உரிமம் நடைமுறைக்கு வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஓர் ஆண்டுக்குள் வெளியிடாத எழுத்து எழுதியவரிடம் திரும்ப வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் எழுத்தை எடுப்பதாக இருந்தால் தனியாகக் கேளுங்கள், தனியாகப் பேசுவோம்.

ஒன்பதாவது பிரிவு முழுவதும் போக வேண்டும். பெயர் போடுவது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. பன்னிரண்டாவதில், நாங்கள் எழுதியதற்கு நாங்கள் பொறுப்பு, நீங்கள் மாற்றியதற்கு நீங்கள் பொறுப்பு, அதுவும் நாங்கள் வாங்கிய சன்மானத்தின் அளவுக்கு மேல் போகாமல்.

ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுங்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லிவிட்டு, எழுதியவர்களின் உரிமையை மட்டும் அவர்களில் பலருக்குப் பழக்கமில்லாத சட்ட ஆங்கிலத்தில் வாங்குவது சரியில்லை. படித்துப் பார்க்கவும் ஒரு வக்கீலிடம் காட்டவும் ஒரு மாதமாவது அவகாசம் வேண்டும். ஏற்கெனவே அவசரத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் திருத்திய ஒப்பந்தமே பொருந்தும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கிணற்றுத் தொடரின் ஒலி வடிவத்தில் வெட்டிய பத்தியைத் திரும்பச் சேர்த்து என் பெயரைப் போடுங்கள், முடியாவிட்டால் செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தத் தொடரின் பதிப்புரிமை என்னுடையது என்று ஒரு வரிக் கடிதம் வேண்டும், பதிப்பாளரிடம் காட்ட.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். போனில் வேண்டாம். பதில் வரும் வரை நான் கையெழுத்துப் போடப்போவதில்லை, ஒப்புக்கொண்ட அடுத்த இரண்டு கட்டுரைகளையும் அனுப்பப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வென்டர் பட்டியலில் இருக்கும் ஓர் எழுத்தாளர்